திருப்பு என்று ஒரு பொத்தான்

இருபது வருஷத்துக்கு மேல் நிரல் எழுதிப் பிழைக்கிறேன். அதில் மிகச் சின்னது ஒரே ஒரு வரி. திரையில் இருக்கும் பக்கத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டும், வேறொன்றும் செய்யாது. எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்காக ஒரு முதலாளி எனக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார். "அதை எடுத்துடுங்க" என்றார். எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

வேலூரில் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு டேட்டாபேஸ் எழுதிக் கொடுப்பது என் தொழில். அரிசி மண்டி, லாரி ஷெட், ராணிப்பேட்டைப் பக்கம் இரண்டு தோல் கம்பெனி, இப்படி. குடியாத்தம் பக்கத்தில் ஒரு பீடிக் கம்பெனிக்கு 2003-ல் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸில் எழுதிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஊர் ஊராகப் பிராஞ்ச். பெண்கள் அங்கே வந்து இலையும் தூளும் வாங்கிப் போய், வீட்டில் சுற்றி, கட்டுக் கட்டாக முறத்தில் அடுக்கிக் கொண்டுவந்து தருவார்கள். கட்டுக்கு 25 பீடி, நாற்பது கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பிராஞ்சில் கணக்கர் பேரேட்டில் எழுதுவார், பெண்ணின் நோட்டிலும் எழுதித் தருவார். வாரக் கடைசியில் பேரேட்டுத் தாள்கள் ஹெட் ஆபீஸ் வரும், அங்கே ஒரு பெண் அதை அக்சஸில் ஏற்றுவார். பதிமூன்று வருஷம் இது ஒழுங்காக ஓடியது.

2016-ல் முதலாளி வீட்டுக்கு ஒரு கூரியர் பையன் வந்திருக்கிறான். கையிலிருந்த கருவியில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறான். மறுநாளே எனக்குப் போன். "அந்தப் பையன் தெருவுல நின்னுக்கிட்டு கம்ப்யூட்டர் வேலை பாக்குறான். நம்ம பிராஞ்சுல ஏன் முடியாது?" முடியாது என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அக்சஸ் போனில் ஓடாது

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அக்சஸ் விண்டோஸை விட்டு வெளியே வராது, ஆண்ட்ராய்டுக்கோ ஐபேடுக்கோ அதற்கு ஆப் கிடையாது. வலையில் ஏற்றலாம் என்ற வசதி அக்சஸ் 2010-ல் வந்தது. அதற்கு ஷேர்பாயின்ட் என்ற மைக்ரோசாஃப்டின் தனி சர்வர் வேண்டும், அக்சஸின் நிரல்மொழியான விபிஏ-யில் எழுதிய எதுவும் வலையில் ஓடாது, மேக்ரோவாக மாற்றி எழுத வேண்டும். 2013-ல் அதையே வேறு மாதிரி செய்து தந்தார்கள். 2017-ல் நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்து, 2018 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் ஆன்லைன் ஷேர்பாயின்டில் அதை மூடிவிட்டது. நான் அந்த வழிக்கே போகவில்லை. தொலைநோக்கு ஒன்றுமில்லை, ஷேர்பாயின்டுக்குக் காசு கொடுக்க முதலாளி தயாராக இல்லை. டேபிள்களை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வருக்கு ஏற்றி, ஹெட் ஆபீஸ் அக்சஸை ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக அதோடு சேர்த்து, பிராஞ்சுகளுக்குக் கொடுத்த டேப்லெட்டில் திறக்கப் பிஎச்பி மொழியில் ஒரு வலைப்பக்கம் எழுதினேன். அக்சஸில் இருந்த படிவத்தை அப்படியே, பெட்டிக்குப் பெட்டி, வலைக்குக் கொண்டுவந்தேன். மொத்தம் முப்பத்தொரு பெட்டி.

அதைச் சொல்லி அப்போது பெருமைப்பட்டதுதான் இப்போது கூச்சமாக இருக்கிறது. "ஒண்ணுகூட விடலை சார், ஆபீஸ்ல என்ன இருக்கோ அது அப்படியே பிராஞ்சுல" என்றேன். முதல் பெட்டி மாவட்டம். அதில் தேர்ந்தெடுக்க இருந்தது ஒரே ஒரு பெயர், வேலூர். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்த நினைவில், எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று நான்தான் வைத்தேன். (2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானபோது அந்தப் பெட்டிக்கு ஒருவழியாக வேலை வந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிராஞ்சுகள் ஒரே நாளில் மாவட்டம் மாறிப்போயின.) பதினேழு அங்குல மானிட்டரில் ஒரு சும்மா பெட்டி இருந்தால் கண் தாண்டிப் போய்விடும். ஏழு அங்குலத் திரையில் அது கதவடைத்து நிற்கும்.

முதல் வாரமே போன் மேல் போன். எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது என்றார்கள். பக்கத்தின் தலைப்பில் எழுத வேண்டிய ஒரு வரியை விட்டுவிட்டேன். 2007-ல் ஐபோன் வந்தபோது அதன் உலாவி எந்தப் பக்கமானாலும் 980 புள்ளி அகலம் என்று எண்ணி வரைந்து, பிறகு திரைக்குத் தக்கபடி சுருக்கிக் காட்டியது. மற்றவர்களும் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள். 'என் பக்கம் உன் அகலம்தான்' என்று நாம் ஒரு வரி சொன்னால்தான் சுருக்காமல் விடும். அதைச் சேர்த்தேன். எண் மட்டும் வரும் பெட்டிகளுக்கு எண் விசைகள் மட்டும் எழும்படி செய்தேன். அப்புறம் டவர் பிரச்சினை. ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு பிராஞ்சில் சிக்னல் வரும், போகும். 'சேமி'யை அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு முறை அழுத்தினால் ஒரே பெண்ணுக்கு இரண்டாயிரம் பீடி ஏறிவிடும். பக்கம் திறக்கும்போதே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஏற்காதே என்று சொல்லி அதையும் சரிசெய்தேன். இரண்டு மாதத்தில் போன்கள் நின்றுவிட்டன. போன் நின்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம் என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை.

417

ஆறேழு மாதம் கழித்து, வேறு ஏதோ வேலையாகப் போனவன் அந்த எல்லைப் பிராஞ்சில் நுழைந்தேன். காலை ஒன்பதரை இருக்கும், அதற்குள் வேலூர் வெயில் கூரை ஓட்டை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே புகையிலைத் தூள் காரம், எனக்கு உடனே தும்மல். மேசைக்கு அந்தப் பக்கம் கணக்கர், முப்பது வயது இருக்கும். இந்தப் பக்கம் வரிசையாகப் பெண்கள், இடுப்பில் முறம். டேப்லெட்டை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சார்ஜர் வயரோடு சேர்த்து மேசைக்காலில் கட்டிவைத்திருந்தார். அவர் விரல் போன வேகத்தைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

வரிசையில் ஒரு வயதான அம்மாவின் முறை வந்தது. நாற்பது கட்டு வைத்தார். பீடியின் தரம் பார்க்கும் செக்கர் சரியில்லை என்று கொஞ்சம் தள்ளினார். கணக்கர் தட்டினார், அடுத்தவரைக் கூப்பிடப் போனார். அந்த அம்மா நகரவில்லை.

"தம்பி, அதுல எம் பேரு கீதா, இல்லியா?"

"கீது ஆயா. நீ போ."

"எங்க, காட்டு."

கணக்கர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வயர் இழுக்கிற மட்டும் டேப்லெட்டைத் தன் பக்கம் தூக்கி அவர் பக்கம் சாய்த்தார். சாய்த்ததும் படம் தானாகப் புரண்டு அந்த அம்மாவுக்கு நேராக நின்றது. அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். திரையில் பாதியை எண் விசைகள் அடைத்திருந்தன. மேல் பாதியில், பெயர் என்று நான் எழுதியிருந்த இடத்தில், பெரிய கே, சின்ன டி, பி, ஏ, கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச்.

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. 2003-ல் பெயர்களையெல்லாம் பாமினி வகை எழுத்துருவில்தான் ஏற்றினோம். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், அந்த எழுத்துரு மேலே தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும். ஹெட் ஆபீஸ் மெஷினில் சட்டை இருந்தது, முனியம்மா என்று தெரிந்தது. டேப்லெட்டில் அந்த எழுத்துரு இல்லை. பிராஞ்சில் இருக்கும் நானூற்றுச் சொச்சம் பெண்களில் ஒருவர் பெயர்கூட அந்தத் திரையில் ஒரு நாளும் தெரிந்ததில்லை.

"இதுவா எம் பேரு?" என்றார் அந்த அம்மா. அவருக்குக் கூட்டிப் படிக்க வராது என்று பிறகு தெரிந்தது. அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். ஆனால் தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சுழியும் புள்ளியும் எங்கே வரும் என்று தெரியும்.

"உன் நம்பரு நானூத்திப் பதினேழு ஆயா. அது சரியா கீது பாரு."

"நம்பரு நோட்டுலயே கீதே. நான் பேரு கேட்டேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் திரையைத் தேடிவிட்டு அடுத்த கேள்வி. "கழிவு எவ்ளோ போட்ட?" கழிவு, அதாவது செக்கர் தள்ளியதன் கணக்கு, என் படிவத்தில் பத்தொன்பதாவது பெட்டி, விசைகளுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. கணக்கர் விரலால் தள்ளித் தள்ளி அதைக் கண்டுபிடிப்பதற்குள் வரிசையில் முணுமுணுப்பு வந்துவிட்டது. அந்த அம்மா இடுப்பிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல எழுதிடு. அத நீயே வெச்சுக்கோ."

அன்று மதியம் கணக்கரைக் கேட்டேன், ஆறு மாதமாகப் பெயர் தெரியவில்லை, ஏன் தம்பி ஒரு போன் போடலை என்று. அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நம்பரு அடிச்சா வேல முடியுது சார். பேரு எதுக்கு?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. ஹெட் ஆபீஸில் பெயர் தெரிந்தது, அதனால் அவர்களுக்கும் குறை இல்லை. அந்தப் பெயர் யாருக்குத் தேவையோ அவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார், அவரிடம் என் நம்பர் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிகொண்டா வரைக்கும் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதிய படிவம் ஹெட் ஆபீஸின் கேள்வித்தாள். ஆபீஸில் மானிட்டர் சுவரைப் பார்த்தாற்போல இருக்கும், அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதிரில் நிற்பவருக்குத் தெரிவது அதன் முதுகும் வயரும். அந்தப் படிவத்தை நான் ஒரு பலகை மாதிரி மேசைமேல் மல்லாந்து கிடக்கிற திரைக்குக் கொண்டுபோனேன், இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற இடத்துக்கு. பேரேட்டைப் போலத்தான் அதுவும் கிடந்தது. பேரேட்டை எதிரில் இருந்தே தலைகீழாகப் படித்துப் பழகிய பெண்கள் அவர்கள். கணக்கர் 38 போடுகிறாரா 36 போடுகிறாரா என்று பேனா அசைவிலேயே சொல்லிவிடுவார்கள். கண்ணாடிமேல் விரல் அசைவில் ஒன்றும் தெரியாது.

பெயரை மீட்டது

பெயர்களை, தமிழ் எழுத்துக்கே தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு மாற்ற ஒரு வாரம் என்று நினைத்தேன், ஐந்து வாரம் ஆனது. பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடிப்பார்கள், யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். அதைக்கூட விதியாக எழுதிவிடலாம். தட்டியவர்களின் கைப்பழக்கத்துக்கு என்ன விதி எழுதுவது? ர் வர வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைத்திருந்தார்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் அது புள்ளி வட்டமாக வந்து பல்லை இளித்தது. இன்னொன்று, அக்சஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பேதம் பார்க்காது. பாமினியில் க-வும் கு-வும் ஒரே விசையின் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும். ஆக இத்தனை வருஷமும் கமலாவும் குமுதாவும் ஒரே எழுத்தில் தொடங்குகிறவர்கள் என்றுதான் அது வரிசைப்படுத்தி வந்திருக்கிறது. ஹெட் ஆபீஸ் பெண்ணைக் கேட்டால், "ஆமா சார், தேடினா கூட ரெண்டு பேர் வருவாங்க, நாங்களே பார்த்து எடுத்துக்குவோம்" என்கிறார். இதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசியில் மாறாமல் நின்றது அறுபது பெயர். அவற்றுக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் கையால் தட்டினேன். அந்த நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியது அதுதான் முதல் முறை. எண்ணெய்க் கறை, மூலையில் பிள்ளைகள் போட்ட கிறுக்கல், ஒன்றில் ரேஷன் கடைக் கணக்கு. வீட்டுத் திண்ணையில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்றது 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டம். அவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியொரு வழக்கு நாளைக்கு வந்தால், நான் இத்தனை ஆயிரம் சுற்றினேன் என்று காட்ட அந்தப் பெண்ணிடம் இருப்பது இந்த நோட்டுதான். பிராஞ்சுக்கு டேப்லெட் போனபோது ஹெட் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுகளில் ஒன்று, படிப்படியாக நோட்டை நிறுத்திவிடலாம் என்பது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். தலையை ஆட்டினேன்.

படிவத்தைப் புதிதாக எழுதினேன். எண்ணை அடித்தால் பெயர் பெரிதாக வரும். கட்டு, கழிவு, கையில் மீதி இலை. பிராஞ்சுக்கு இவ்வளவுதான். மிச்சம் இருபத்தேழு பெட்டிகளில் பாதியை ஹெட் ஆபீஸே நிரப்பிக்கொள்ள முடியும், பாதியை யாரும் எதற்கும் பார்த்ததே இல்லை. சேமித்ததும் ஒரு பக்கம் வரும், பெயரும் மூன்று எண்களும் மட்டும், கை அகலத்துக்கு. அதில் ஒரு பொத்தான்: திருப்பு. டேப்லெட் வயரோடு கட்டிக் கிடக்கிறது, ஒவ்வொருவருக்கும் தூக்கிச் சாய்க்க வழியில்லை. மேசைமேல் படுத்திருக்கும்போது எந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பொத்தானைத் தொட்டால் பக்கம் 180 டிகிரி புரண்டு எதிரில் நிற்பவருக்கு நேராகும்.

முதலாளியின் முதல் போன் பத்து நாளில் வந்தது. வரிசை நகரவில்லையாம். அது உண்மைதான், ஒரு ஆளுக்குப் பத்து விநாடி கூடுகிறது. இரண்டாவது போனில் விஷயம் வந்தது. "கழிவு எழுதுறப்பல்லாம் சண்டை. முன்னாடி வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்த்துட்டு மறுநாள் வந்து கேப்பாங்க, பாதிப் பேர் கேக்கவே மாட்டாங்க. இப்போ பீடி மேசைமேலயே இருக்கு, எண்ணுங்கன்றாங்க." நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எனக்குக் கூலி கொடுக்கிறவர். இருபது வருஷப் பழக்கம், என் பெண் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர். செக்கர் தள்ளுவதெல்லாம் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. மோசமாகச் சுற்றிய கட்டையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது போனுக்குப் பிறகு பொத்தானைக் கொஞ்சம் சின்னதாக்கி மூலைக்குத் தள்ளினேன். "மாத்திட்டேன் சார்" என்றேன். அவர் எடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அப்புறம் கேட்கவில்லை. இது கோழைத்தனமா சாமர்த்தியமா என்று என் மனைவியிடம் கேட்டேன். ரெண்டும் உங்களுக்குச் சேர்ந்தேதான் வரும் என்றாள்.

போன மாதம் மறுபடி அந்தப் பிராஞ்சுக்குப் போனேன். டேப்லெட் புதுசு, வயர் பழசு. 417 வந்தார், கூடவே பத்தாவதோ பதினொன்றோ படிக்கிற ஒரு பேத்தி. கணக்கர் தட்டி முடித்ததும் அந்தப் பெண் யாரையும் கேட்காமல் மேசைமேல் எம்பி, மூலையில் இருந்த பொத்தானை விரல்நுனியால் தொட்டாள். பக்கம் புரண்டது. முனியம்மா, கட்டு 40, கழிவு 2, இலை மீதி இல்லை. தன் போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டாள். கணக்கர் அதற்குப் பழகிவிட்டார்போல, படம் எடுக்கிற வரைக்கும் கையை விலக்கி வைத்திருந்தார்.

ஆயா குனிந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மஞ்சப்பைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்தார்.

"இதுலயும் போட்டுடு தம்பி."

கணக்கர் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.